கல் மேடை ஏன் சில்லென்று இருக்கிறது? வாசகர் கேள்வி பதில்

தைக் குளிர் இறங்கியதும் சமையலறைக் கல் மேடையைப் பற்றிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. கை விறைப்பதில் தொடங்கி தோசை மா புளிக்காதது வரை கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே என்பதால் இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வீட்டைத் திருத்தியபோது பழைய சீமெந்து மேடையின் மேல் கறுப்பு கிரனைட் போட்டோம். விடியற்காலையில் கை வைத்தால் விரல் விறைத்துப் போகிறது. அதே மேடையில் கிடக்கும் பலாப் பலகையைத் தொட்டால் அப்படி இல்லை. கல் தானாகக் குளிரை உண்டாக்குமா? கடைக்காரரைக் கேட்டால், "அசல் கல் என்றால் அப்படித்தான்" என்கிறார்.
– வாசகி, நுவரெலியா

பதில்: கல் குளிரை உண்டாக்குவதில்லை. இரவு முழுவதும் ஒரே அறையில் கிடந்த கல்லும் பலகையும் காலையில் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். நம்பக் கடினமாக இருந்தால், அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒரு வெப்பமானியைக் கல்லின் மேல் வைத்து, நாலாய் மடித்த துணியால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பலகையின் மேலும் அப்படியே வைத்துப் பாருங்கள். இரண்டு அளவுக்கும் ஒரு பாகை வித்தியாசம்கூட வராது.

வேறுபடுவது, உங்கள் கையிலிருந்து வெப்பம் கிளம்பிப் போகும் வேகம். உள்ளங்கைத் தோல் சுமார் 33 பாகை செல்சியஸில் இருக்கிறது. பலகையில் கை வைத்ததும் அதன் மேல் படை மட்டும் உங்கள் கைச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மரம் வெப்பத்தை மெல்லத்தான் உள்ளே அனுப்பும். ஆகவே அந்த மேல் படை சில நொடிகளில் கைச் சூட்டுக்கு ஏறி, அதன்பின் அதிகம் கேட்பதில்லை. கல் அப்படியல்ல. மேல் படைக்கு வந்த சூட்டை உடனே அடிக்குக் கடத்திவிட்டு இன்னும் கேட்கிறது. ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதில் கடத்தும் என்பதைக் காட்டும் அளவுக்கு வெப்பக் கடத்தாறு என்று பெயர். கிரனைட்டுக்கு அது ஏறத்தாழ 2.5 முதல் 3 வரை (மீற்றர்-கெல்வினுக்கு வாட் கணக்கில்). மரத்துக்கு அது 0.15 அளவில் நிற்கும். அதோடு ஒரே கனஅளவை ஒரு பாகை சூடாக்க, மரத்தைவிடக் கல்லுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். வாங்குவதும் வேகம், கொள்வதும் அதிகம்.

இதைக் கணக்காகவே போடலாம். சமையலறை 16 பாகையில் இருக்கிறது என்று வையுங்கள். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ அவ்வளவுதான். கை பட்ட முதல் நொடிகளில், கையும் பொருளும் தொடும் இடம் மரத்தில் 28, 29 பாகையில் நிற்கும். கிரனைட்டில் அது 22 பாகைக்கு இறங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகில் 18 வரை போகும். தோலிலுள்ள நரம்புகள் அறிவது தோலின் வெப்பநிலையையும் அது இறங்கும் வேகத்தையும்தான். கல்லில் அவை பெரிய இறக்கத்தைக் காண்கின்றன. அதைத்தான் நாம் "கல் குளிர்கிறது" என்று சொல்கிறோம்.

அதே கல்லைக் கொழும்பில் 28 பாகை வெயிலில் தொட்டால் தொடும் இடம் 30 பாகையை ஒட்டி நிற்கும். மரத்தில் 32க்குச் சற்றுக் குறைவு. இரண்டு பாகை வித்தியாசம் கைக்கு இதமாக இருக்கும். நமக்கோ அது ஏழு பாகை. கடற்கரைப் பக்கத்து வீட்டுக்குப் பொருத்தமான மேடையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்து வைப்பதில் உள்ள சிக்கல் இதுதான். கட்டும்போதே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னும் சந்தேகமா? ஒரே அளவான இரண்டு ஐஸ் கட்டிகளை எடுங்கள். ஒன்றைக் கல்லிலும் ஒன்றைப் பலகையிலும் வையுங்கள். கைக்குக் குளிராகத் தெரியும் கல்லின் மேல் இருக்கும் ஐஸ்தான் முதலில் உருகும். உங்கள் கையிடமிருந்து சூட்டை வேகமாக வாங்கும் கல், ஐஸுக்கு அதே வேகத்தில் கொடுக்கிறது. வெயிலில் கிடந்த கருங்கல் படி காலைச் சுடுவதும், அதே வெயிலில் கிடந்த மரக்கட்டை அவ்வளவு சுடாததும் இதே கணக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் கல் உண்மையிலேயே அறையைவிடக் குளிராக இருக்கும். 20 மில்லிமீற்றர் தடித்த கிரனைட் ஒரு சதுர மீற்றருக்கு 54 கிலோ. அதற்கு அடியில் மூன்று அங்குலக் கொங்கிறீட் தட்டும் இருந்தால் மேடை முழுவதும் பல நூறு கிலோவுக்குப் போகும். அவ்வளவு கனம் மெல்லத்தான் சூடேறும். காலை பத்து மணிக்கு வெயில் வந்து அறை 20 பாகை ஆனபின்னும் கல் 16, 17இலேயே நிற்கலாம். மாலையில் இது தலைகீழாகும்: அறை குளிர்ந்த பிறகும் கல் கொஞ்ச நேரம் பகல் சூட்டை வைத்திருக்கும்.

கடைக்காரர் சொன்னதைப் பற்றி: குளிர்வது கல்லின் தரத்தைக் காட்டாது. மட்டமான கிரனைட்டும் அதே அளவு குளிரும்.

கேள்வி: கல் மேடையில் வைத்தால் தோசை மா புளிப்பதே இல்லை. முன்பு விறகடுப்புப் பக்கம் வைத்தபோது காலையில் பொங்கி வழியும். உளுந்தில் பிழையா?
– வாசகி, ஹட்டன்

பதில்: உளுந்தின் மேல் பழி போடாதீர்கள். மா புளிக்க 28 முதல் 30 பாகை வேண்டும். அந்தச் சூட்டில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். 16 பாகையில் ஒரு இரவு போதாது. நீங்கள் வைத்திருப்பது எவர்சில்வர் பாத்திரம் என்றால் மா இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. எஃகு சூட்டை அடிக்குக் கடத்துகிறது, கல் அதை வாங்கி உள்ளே போட்டுக்கொள்கிறது. அரைத்து முடித்ததும் 30 பாகையில் இருந்த மா சில மணி நேரத்திலேயே அறைக் குளிருக்கு இறங்கிவிடும்.

இப்படிச் செய்து பாருங்கள். கடைசியாகச் சேர்க்கும் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில், சுமார் 40 பாகையில் சேருங்கள். அரைத்த மாவில் விரல் விட்டால் குளிரும் தெரியக்கூடாது, சூடும் தெரியக்கூடாது. பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். கல்லுக்கும் பாத்திரத்துக்கும் இடையில் நாலாய் மடித்த காய்ந்த சாக்கு அல்லது ஓர் அங்குலப் பலகை போடுங்கள். ஈரத் துணி போட்டால் பயன் இல்லை. துணியைக் காப்பாக்குவது அதன் இழைகளுக்குள் அடைபட்டிருக்கும் காற்று; அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் சூடு வழிந்தோடிவிடும்.

மார்கழி, தை மாதங்களில் சாக்கு மட்டும் போதாது. மீன் வரும் ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மாப் பாத்திரத்தை அதற்குள் வைத்து, பக்கத்தில் ஒரு லீற்றர் போத்தல் இரண்டில் 50 பாகைச் சுடுதண்ணீர் ஊற்றி, துணி சுற்றி வைத்து மூடுங்கள். படுக்கப் போகுமுன் ஒரு முறை தண்ணீரை மாற்றினால் காலையில் மா தயார். கொதிநீர் ஊற்றிய போத்தலைப் பாத்திரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒட்டிய பக்கத்து மா வெந்து, புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அங்கே செத்துவிடும். அடுப்புக்கல் மேல் வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு: அடி வெந்து மேல் பச்சையாக நிற்கும்.

தயிருக்கும் இதே பெட்டி போதும். உறை ஊற்றும்போது பால் 40 முதல் 43 பாகையில் இருக்க வேண்டும். ஈஸ்ட் போட்டுப் பிசையும் பணிஸ் மாவைக் கல்லில் போட்டுப் பிசையாமல் பலகையில் பிசையுங்கள். தேங்காய் ரொட்டிக்குப் புளிப்பே தேவையில்லை, அதைக் கல் மேடையிலேயே பிசையலாம். பட்டிஸுக்கு மா தேய்ப்பவர்களுக்கோ இந்தக் குளிர் ஒரு கொடை: மாஜரின் உருகி ஒட்டாமல் படை படையாக நிற்கும்.

கேள்வி: சோறு வடிக்கும் நேரத்தில் கிரனைட் மேலெல்லாம் நீர்த்துளி கோர்த்து நிற்கிறது. கல் கசிகிறது, சீலர் அடிக்க வேண்டும் என்று மேசன் சொல்கிறார். அடிக்கலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பெரும்பாலும் அது காற்றிலிருந்து வந்த தண்ணீர். அறைக் காற்று 20 பாகையில், ஈரப்பதன் 80 வீதமாக இருந்தால், 16 பாகைக்குச் சற்று மேலேயே அதிலுள்ள நீராவி படியத் தொடங்கும். இரவில் குளிர்ந்து 15 பாகையில் கிடக்கும் கல்லின் மேல் அது துளியாக நிற்பதில் அதிசயம் இல்லை. கொதிக்கும் உலை அந்த ஈரப்பதனை இன்னும் ஏற்றுகிறது. பலகையின் மேல் படை அறைச் சூட்டைச் சீக்கிரம் பிடித்துவிடுவதால் அதில் துளி தெரிவதில்லை.

எதற்கும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் தாளை, நன்றாகத் துடைத்துக் காய்ந்த கல்லின் மேல் விரித்து, நாலு ஓரத்தையும் டேப்பால் இடைவெளியின்றி ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். ஈரம் தாளின் மேல் இருந்தால் அது காற்றின் ஈரம். தாளுக்கு அடியில் இருந்தால் தண்ணீர் கீழிருந்து வருகிறது. அப்படியானால் சிங்க் ஓரத்துச் சிலிக்கன், குழாயின் அடி, சுவரோடு சேரும் மூட்டு ஆகிய மூன்றையும் பாருங்கள். சீலர் எந்த ஒன்றையும் சரிசெய்யாது.

சீலர் வேலை வேறு. எண்ணெயும் மஞ்சள் தண்ணீரும் கல்லின் துளைகளுக்குள் இறங்காமல் தடுக்கவே அது. ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றி கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் அடிக்கலாம். அடர்த்தியான கறுப்புக் கல்லுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. குளிர்வதையும் வியர்ப்பதையும் அது குறைக்காது. பூச்சின் தடிப்பு அதற்குக் காணாது.

துளியைக் குறைக்கும் வழி ஜன்னல்தான். வெளியே மூடுபனி என்று பலர் பூட்டி வைக்கிறார்கள். 13 பாகையில் பனி மூடிய காற்றில் ஒரு கன மீற்றருக்கு சுமார் 11 கிராம் நீராவிதான் இருக்கும். உங்கள் சமையலறைக் காற்றில் 14 கிராம் வரை இருக்கிறது. ஆகவே சமைக்கும்போது ஜன்னலைத் திறந்தால், பனிக் காலையிலும் உள்ளே ஈரம் குறையும். குளிர் இரவுக்குப் பின் மழையோடு வரும் வெதுவெதுப்பான மதியக் காற்றை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். அது குளிர்ந்த கல்லின் மேல் ஈரத்தைக் கொண்டுவந்து போடும்.

கேள்வி: அடுப்பிலிருந்து இறக்கிய மண்சட்டியைக் கிரனைட்டில் வைத்ததும் டப்பென்று அடி பிளந்துவிட்டது. கல்லுக்கும் இப்படி ஆகுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: சட்டியின் அடி குளிர்ந்த கல்லில் பட்டதும் சட்டென்று சுருங்குகிறது. சுவர்ப்பகுதி இன்னும் சூட்டில் விரிந்தே நிற்கிறது. இந்த இழுபறியில் அடிப்பகுதி பிளக்கிறது. சுட்ட மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கல் ஈரமாக இருந்தால் பிளப்பு இன்னும் நிச்சயம். பிரிமணை அல்லது மரப்பலகை மேல் பத்து நிமிடம் வைத்துவிட்டு மேடைக்கு மாற்றுங்கள். வெந்நீர் ஊற்றிய தடித்த கண்ணாடிச் சாடிக்கும் இதே கவனம் வேண்டும்.

கிரனைட் ஒரு சட்டிச் சூட்டுக்கு உடைந்துவிடாது. ஆனால் பலவீனமான இடங்கள் இருக்கின்றன. காஸ் அடுப்புக்கும் சிங்குக்கும் வெட்டிய துளையைச் சுற்றி, முன்பக்கம் இரண்டு மூன்று அங்குல ஒடுக்கமான பட்டி மட்டும் மிஞ்சும். விரிசல் அங்கேதான் தொடங்கும், அதுவும் துளையின் மூலை கூராக வெட்டப்பட்டிருந்தால். வெட்டும்போதே மூலைகளை வளைவாக எடுக்கச் சொல்லுங்கள். பத்து மில்லிமீற்றர் ஆரமாவது இருக்கட்டும். போட்டு முடிந்த கல்லில் பின்னர் மூலையை மாற்றுவது பெரிய வேலை.

விறகடுப்பு வைத்திருப்பவர்கள் தீ படும் இடத்தில் கிரனைட் பதிக்கவே கூடாது. கிரனைட்டிலுள்ள குவார்ட்ஸ் படிகம் 573 பாகையில் உருமாறித் திடீரென விரியும். கல் செதில் செதிலாகத் தெறிக்கும். அங்கே தீச்செங்கல்லும் களிமண்ணும்தான் சரி. குவார்ட்ஸ் என்ற பெயரில் கடையில் விற்கும் செயற்கைக் கல்லில் பிசின் கலந்திருக்கிறது. 150 பாகையைத் தாண்டினால் அது மஞ்சளாகிக் கறை பிடிக்கலாம். தாளித்து இறக்கிய தாச்சி அதைவிட அதிகச் சூட்டில் இருக்கும் என்பதால் அந்த மேடையில் எப்போதும் தட்டு போட்டே வையுங்கள்.

கேள்வி: மாபிள் கிரனைட்டைவிடக் குளிரும் என்கிறார்களே?
– வாசகர், வெலிமடை

பதில்: கையால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இரண்டின் கடத்தாறும் கிட்டத்தட்ட ஒன்றே. சமையலறைக்கு முக்கியமான வேறுபாடு புளிப்பு: எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், வினிகர் எது பட்டாலும் மாபிளின் பளபளப்பு அரித்துப் போகும். கிரனைட்டுக்கு அந்தப் பயம் இல்லை.

கேள்வி: தொட்டுப் பார்த்தே அசல் கல்லா போலியா என்று சொல்லலாமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: போர்மைக்கா ஒட்டிய பலகையையும் பிளாஸ்டிக் தகட்டையும் பிரித்துவிடலாம், அவை கைக்கு மிதமாக இருக்கும். தடித்த டைல்ஸையும் செயற்கைக் குவார்ட்ஸையும் தொட்டுப் பிரிக்க முடியாது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். இயற்கைக் கல்லில் மேலே தெரியும் புள்ளியும் கோடும் முழுத் தடிப்புக்கும் இறங்கும். டைல்ஸில் மேல் பூச்சு ஒரு நிறம், உடல் வேறு நிறமாக இருக்கும்.

கேள்வி: எழுபது வயது அம்மாவுக்கு விரல் மூட்டு வலி. காலை நாலரைக்கு எழுந்து சமைப்பவர். கல்லில் மணிக்கட்டை ஊன்றினால் வலி கூடுகிறது என்கிறார். புது வீட்டில் கிரனைட்டா, மரமா? கல்லின் குளிரால்தான் மூட்டு வலி வந்ததா?
– வாசகி, அப்புத்தளை

பதில்: கல்லைத் தொடுவதால் மூட்டு நோய் வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் வலியையும் விறைப்பையும் குளிர் கூட்டும் என்பது உண்மை. குளிரில் விரல் வெளுத்து, பிறகு நீலமாகி மரத்துப் போனால் அதை மேடையோடு சேர்த்துப் பேசாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மேடை முழுவதும் மரம் போட வேண்டாம். சிங்கைச் சுற்றி மரம் ஊதும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். அடுப்புக்கும் சிங்குக்கும் கல், அம்மா நின்று வேலை செய்யும் நடுப்பகுதிக்கு மரம் என்று பிரியுங்கள். கல் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், ஓர் அங்குலத் தடிப்பில் ஒரு பலகை செய்வியுங்கள். அடியில் நாலு மூலையிலும் இறப்பர் குமிழ் வைத்து ஐந்து மில்லிமீற்றர் உயர்த்துங்கள். நழுவாது, அடியும் காயும். மணிக்கட்டு ஊன்றும் முன் ஓரத்தில் இரண்டு அங்குல அகல மரப் பட்டி ஒன்றைச் சிலிக்கனால் ஒட்டினால் வலிக்கு உடனே வித்தியாசம் தெரியும். இந்த ஓரப் பட்டிக்கு ஆகும் செலவு சொற்பம். வயதானவர்கள் சமைக்கும் எந்த வீட்டிலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள் என்று சொல்வோம்.

பலகைக்குத் தேங்காய் எண்ணெய் பூசினால் நாளடைவில் காறல் வாடை வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பரபின் பூசி, ஒரு இரவு ஊறவிட்டுத் துடையுங்கள். மாதம் ஒரு முறை போதும். கழுவியபின் படுக்க வைக்காமல் சாய்த்து நிறுத்துங்கள்.

கையைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் பாதமும் இதே வேகத்தில் சூட்டை இழக்கிறது. அரை அங்குல இறப்பர் விரிப்பு ஒன்றையும், ஒரு சோடி செருப்பையும் அந்த இடத்துக்கென்றே வையுங்கள்.

கேள்வி: பிறீசரிலிருந்து எடுத்த மீனைக் கல் மேடையில் வைத்தால் சீக்கிரம் உருகுகிறது. கல் குளிர்ச்சியானது என்பதால் கெடாமலும் இருக்கும் அல்லவா?
– வாசகி, கண்டி

பதில்: சீக்கிரம் உருகுவது சரி. கெடாது என்பது பிழை. கல் உங்கள் அறையின் சூட்டில்தான் இருக்கிறது; கண்டியில் அது பெரும்பாலும் 24 பாகையை ஒட்டி இருக்கும். மீனின் வெளிப்புறம் உருகிச் சூடேறும்போது நடுப்பகுதி இன்னும் கட்டியாக இருக்கும். அந்த வெளிப்புறத்தில் கிருமி பெருகும். முதல் நாள் இரவே மீனைப் பிறீசரிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள். அவசரம் என்றால் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, பச்சைத் தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு கிலோ மீன் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் உருகிவிடும். உடனே சமைத்துவிட வேண்டும்.